நாள்கூலிக் கட்டம்

நவம்பர் மாதம். டர்பன், ஜேக்கப்ஸ் தொழிற்சாலை.
ஜனவரிப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைக்கிறோம்.
நான் இடது பை, தண்டேக்கா வலது பை.
நடுவில் ஜிப் வேறு யாரோ.

செவ்வாயும் வியாழனும் மாலையில்
சாட்ஸ்வொர்த் பள்ளிக்கூடத்தில்
முப்பத்தொன்பது வயதில் எனக்குக் கணக்கு வகுப்பு.
சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் இடிக்கும்.
அவளும் வருகிறாள். முடிந்ததும்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் உம்லாசிக்கு
இரண்டு டாக்சி மாறிப் போவாள்.

வாத்தியார் சொன்னார்:
சமக்குறியைத் தாண்டினால்
கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும்.
ஏன் சார் என்றேன்.
விதி, என்றார்.
விதி என்று எதைச் சொன்னாலும்
எழுதிக்கொண்டு பழகியவள் நான்.
கப்பலேறித் தாண்டியவர்களுக்கும்
ஏதோ குறி மாறியதாக வீட்டில் பேச்சு உண்டு.
நோட்டில் எழுதினேன்: தாண்டினால் மாறும்.

தண்டேக்கா எட்டிப் பார்த்தாள்.
எதுவும் தாண்டவில்லை, கோகி.
x + 7 = 12.
இங்கே ஏழைக் கழித்தால்
அங்கேயும் ஏழைக் கழி. அவ்வளவுதான்.

அவள் சொன்னது இங்கிலீஷில்.
என் காதுக்குள் அது தமிழானபோது
'ஏழைக் கழி' என்று கேட்டுச் சிரித்துவிட்டேன்.
ஏன் சிரிக்கிறாய் என்றாள்.
எப்படி விளக்குவது?
x தனியாக நின்றது,
குளித்துத் துவட்டிய குழந்தை மாதிரி. ஐந்து.

வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டு.
நாள் ஐந்து. வருகைப்படி அறுபது.
பிடித்தம் எண்பத்தைந்து.
நாள்கூலிக் கட்டம் வழக்கம்போல் காலி.
அடியில், கைக்கு வருவது, 1475 ராண்ட்.
பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தை
அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

சாப்பாட்டு நேரம். வெட்டு மேசையில்
சாம்பல் துணி விரித்துக் கிடந்தது.
தையல் சாக்குக்கட்டியால் எழுதினேன்:
5x + 60 − 85 = 1475
அறுபதில் எண்பத்தைந்து போனால்
இருபத்தைந்து கடன்.
இரண்டு பக்கமும் இருபத்தைந்து கூட்டினேன்.
5x = 1500
இரண்டு பக்கமும் ஐந்தால் வகுத்தேன்.
முந்நூறு!
திருப்பிப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது.
இவ்வளவு நாள் என் பேர் தெரியாமல்
இருந்தது போல இருந்தது.

அந்த மிதப்பில் தண்டேக்காவின் சீட்டைப் பிடுங்கினேன்.
அதே ஐந்து நாள், அதே படி, அதே பிடித்தம்,
அதே காலிக் கட்டம்.
அடியில் 1375.

தப்பாகப் போட்டேன் என்று அழித்தேன்.
மறுபடியும் இருநூற்று எண்பது.
சாக்குக்கட்டியை அவள் வாங்கிக்கொண்டாள்.
அவள் எண்கள் என்னுடையதைவிட அழகு.
அவள் கையிலும் இருநூற்று எண்பதுதான்.

இடது பை முந்நூறு.
வலது பை இருநூற்று எண்பது.

அப்போது நான் சொன்னதை நினைத்தால்
இன்னும் காது சுடுகிறது:
உனக்கு சர்வீஸ் குறைவாக இருக்கும்.

ஒரே திங்கட்கிழமைதான் சேர்ந்தோம், என்றாள்.
மழை. உன் குடையில்தான் வந்தேன்.

மேலே கண்ணாடி அறையில்
கணக்கு எழுதுபவர் ரங்கசாமி.
தீபாவளிக்கு வீடு வரைக்கும் வந்து
முறுக்குத் தின்றுவிட்டுப் போவார்.
நம்ம பொண்ணு, என்பார் என்னை.
அந்த வார்த்தையின் விலை
நாளொன்றுக்கு இருபது ராண்ட் என்று
யாரும் சீட்டில் எழுதவில்லை.

சங்கு ஊதியது. வெட்டுகிறவன் கத்தியை ஓட்டினான்.
சமக்குறி ஒரு காலுக்குப் போனது,
x இன்னொரு காலுக்கு.
மிச்சத்தை இஸ்திரி பார்த்துக்கொள்ளும்.

இன்று திங்கள். படியேறுகிறோம்.
அவள் கையில் என் சீட்டு, என் கையில் அவளுடையது.
ராத்திரி தூக்கம் இல்லை.
இந்தக் கணக்கைச் சமன் செய்ய வழி இரண்டு:
அவளுக்கு இருபது கூட்டலாம்,
எனக்கு இருபது கழிக்கலாம்.
புத்தகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
ரங்கசாமிக்கு எது லேசு என்று எனக்குத் தெரியும்.

பதினாறு படி.
ஒன்பதில் நின்று மூச்சு வாங்கினேன்.
மிச்சம் எத்தனை, என்றாள் தண்டேக்கா,
வகுப்பில் கேட்கிற மாதிரியே.